“நீரிழிவு இல்லம்மா, எனக்குச் சர்க்கரைதான்”

கேள்வி:

அம்மா, வணக்கம். நான் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வருகிற பெரியவர்களுக்குச் ‘சுகாதார எழுத்தறிவு’, அதாவது உடல்நலச் செய்தியைப் புரிந்துகொண்டு பயன்படுத்துகிற திறன், எந்த அளவுக்கு இருக்கிறது என்று அளப்பதுதான் என் தீசிஸ். ‘ரெல்ம்’ என்ற அமெரிக்கச் சோதனையின் 66 சொற்களைத் தமிழாக்கி, முன்னோட்டமாக 12 பேரை வாசிக்கச் சொன்னேன். படிக்கத் தெரிந்த 8 பேரும் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். படிக்கத் தெரியாத 4 பேருக்குப் பூஜ்யம். நடுவில் ஒருவரும் இல்லை. அதைவிடக் குழப்பம் என்னவென்றால், பூஜ்யம் வாங்கிய ஓர் அம்மாவுக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது, கூடினால் கட்டுப்பாடு மோசம்) 6.8. 66-க்கு 66 வாங்கிய ஓய்வுபெற்ற கிளார்க் ஐயாவுக்கு 10.2! “அதையெல்லாம் யோசிக்காதே, டேட்டா எடுத்து முடி” என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. கருவி தப்பா, நான் செய்தது தப்பா? வேறு எதை வைத்து அளப்பது?

— ஒரு செவிலிய மாணவி

பதில்:

முன்னோட்டம் பார்த்தீர்களே, அதுவே பெரிய காரியம். பலர் 200 பேரிடம் எடுத்து முடித்த பிறகுதான் இந்தக் கணக்கு உதைப்பதைக் கவனிக்கிறார்கள். அப்போது மாற்ற நேரம் இருக்காது, கைடு கையெழுத்துப் போட்டுவிடுவார், தீசிஸ் அலமாரிக்குப் போய்விடும்.

ரெல்ம் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக வந்த சோதனை. சுலபமான சொல்லில் ஆரம்பித்துக் கடினமான சொல்வரை நோயாளி உரக்க வாசிக்க வேண்டும். சரியாக உச்சரித்தால் மதிப்பெண். பொருள் கேட்பதே இல்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இது ஆங்கிலத்தில் ஏன் எடுபடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. ஒரு மருத்துவச் சொல்லை முன்பே எங்காவது கேட்டுப் பழகியிருந்தால்தான் அதைச் சரியாக உச்சரிக்க முடியும். அதனால் உச்சரிப்பைக் கேட்டே பழக்கத்தை ஓரளவு ஊகித்துவிடலாம்.

தமிழில் அந்த வித்தை பலிக்காது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்று தடுமாறாமல் படித்துவிடும். பொருள் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஸ்பானிய மொழிக்காரர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. அவர்கள் மொழியிலும் எழுதியபடியே வாசித்துவிடலாம். அதனால் 2006-இல் அவர்களுக்கென்று வந்த 50 சொல் சோதனையில், ஒவ்வொரு சொல்லையும் வாசித்த பிறகு அதோடு தொடர்புள்ள சொல் இரண்டில் எது என்றும் கேட்கிறார்கள். வாசிப்புச் சோதனைதான் வேண்டும் என்று கைடு அடம்பிடித்தால், அந்த வழியையாவது காட்டுங்கள். ஆக, 8 பேருக்கு முழு மதிப்பெண், 4 பேருக்குப் பூஜ்யம் என்று உங்களுக்கு வந்தது சுகாதார எழுத்தறிவின் அளவு அல்ல. அந்தப் 12 பேரில் எத்தனை பேர் பள்ளிக்கூடம் போனார்கள் என்பதன் கணக்கு. அதை ஒரே கேள்வியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே!

நானும் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவள்தான். பல வருடம் முன்பு ஒரு கிராமத்துக் கணக்கெடுப்பில், இதே மாதிரி ஒரு சொல் பட்டியலைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற வாத்தியார், ‘நீரிழிவு’ என்று ழகரம் பிசகாமல் கணீரென்று வாசித்தார். சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு, “ஐயா, உங்களுக்கு நீரிழிவு எத்தனை வருஷமா?” என்றேன். “நீரிழிவு இல்லம்மா, எனக்குச் சர்க்கரைதான்” என்றார். பக்கத்தில் நின்ற கிராம சுகாதார செவிலியர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு என் படிவத்தில் அவருக்கு விழுந்தது முழு மதிப்பெண்.

இதிலிருந்துதான் உங்கள் ஆய்வு தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் நோயாளிகள் இரண்டு தமிழுக்கும் ஓர் ஆங்கிலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சுவரொட்டி ‘உயர் இரத்த அழுத்தம்’ என்கிறது, வீட்டில் ‘பிரஷர்’ என்கிறார்கள், ஓபி சீட்டில் ஆங்கிலச் சுருக்கெழுத்து. இதில் எனக்கு மிகவும் கவலை தருவது ‘உப்பு’ என்ற சொல். சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறினால் “உப்பு கூடியிருக்கு” என்று சொல்லி அனுப்புகிறோம். கர்ப்பிணிகளுக்குச் சிறுநீரில் புரதம் போனாலும் “உப்பு” என்றே சொல்கிறோம். பிரஷர்காரரிடம் “உப்பைக் குறைங்க” என்கிறோம். கேட்டுக்கொண்டு போகிறவர் மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் அவர்மேல் என்ன தப்பு? சோற்றில் உப்பைக் குறைத்துவிட்டேன், அதனால் கிட்னி சரியாகிவிடும் என்று வலிமாத்திரையை விடாமல் விழுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்தக் கேள்வித்தாளைக் கொடுத்தாலும் “சிறுநீரகச் செயல்பாடு பற்றி மருத்துவர் சொல்வது புரிகிறது” என்ற இடத்தில் ‘ஆம்’ போட்டுவிடுவார்கள். புரிந்துவிட்டது என்றுதான் உண்மையாகவே நினைக்கிறார்கள்.

மற்ற பிரபலமான கருவிகளையும் பார்த்துவிடலாம், கைடு கேட்பார். 1995-இல் வந்த ‘டோஃப்லா’ ஒரு பத்தியில் சில சொற்களை நீக்கிவிட்டு, நான்கு சொற்களில் ஒன்றைத் தேர்ந்து கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறது. அதோடு கொஞ்சம் எண் கணக்கு. அதன் சுருக்க வடிவத்தில் வரும் இரண்டு பத்திகளில் ஒன்று எக்ஸ்ரேவுக்கு எப்படித் தயாராவது என்பது, மற்றது வருமானம் குறைந்தவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு பற்றியது. மெடிக்கெய்டுக்குப் பதில் நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தை வைத்துவிடலாம் என்பீர்கள். சரி. ஆனால் தமிழில் வேற்றுமை உருபும் வினைமுற்றின் விகுதியும் காட்டிக்கொடுத்துவிடும். ‘உங்கள் ____ காலியாக இருக்க வேண்டும்’ என்று போட்டு ‘வயிறு, வயிற்றை, வயிற்றில்’ என்று விடை கொடுத்தால் அது இலக்கணப் பரீட்சை. விகுதி இடிக்காத நான்கு சொற்களைத் தேடுவதற்குள் அது வேறு கருவியாகிவிடும். பிறகு 100-க்கு 60-க்குக் கீழ் என்றால் ‘போதாது’, 75-ம் அதற்கு மேலும் என்றால் ‘போதும்’ என்று அவர்கள் கிழித்த கோட்டை நாம் கடன் வாங்க என்ன உரிமை இருக்கிறது?

2005-இல் வந்த ‘நியூயஸ்ட் வைட்டல் சைன்’ ஓர் ஐஸ்கிரீம் டப்பாவின் லேபிளைக் காட்டி 6 கேள்வி கேட்கும். டப்பா முழுவதையும் சாப்பிட்டால் எத்தனை கலோரி என்பது முதல் கேள்வி. நல்ல கேள்விதான். லேபிளைப் பார்த்து ஐஸ்கிரீம் வாங்குகிற ஊரில் கேட்க வேண்டிய கேள்வி. ரேஷன் அரிசிக்கும் கீரைக்கட்டுக்கும் லேபிள் கிடையாது.

நான் அடிக்கடி வகுப்பில் சொல்லுகிற ஓர் ஆய்வு உண்டு, 2006-இல் அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் செய்தது. ‘இரண்டு மாத்திரை, நாளைக்கு இரண்டு வேளை’ என்று மருந்துச் சீட்டில் இருக்கிறது. படிப்பறிவு குறைந்தவர்களில் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எடுத்துக் காட்டுங்கள் என்றபோது நான்கை எடுத்து வைத்தவர்கள் 35 சதவீதம்தான். சொல்லத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குச் செய்யத் தெரியவில்லை. நீங்கள் தேடுகிற அந்த ‘நடு’ இங்கேதான் இருக்கிறது. வாசிப்புச் சோதனையில் அது தெரியாது, செய்து காட்டச் சொன்னால்தான் தெரியும்.

ஆகவே என் யோசனை இது. முதலில் ஆய்வைக் குறுக்குங்கள்: சர்க்கரை உள்ளவர்கள் மட்டும், கூடப் பிரஷர் இருந்தாலும் சரி. பிரஷர் மட்டும் உள்ளவர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். காரணம், ஜப்பானில் இஷிகாவாவும் கூட இருந்தவர்களும் 2008-இல் வெளியிட்ட 14 கேள்விக் கருவி சர்க்கரை நோயாளிகளிடமே உருவானது. அதில் மூன்று அடுக்கு. மருத்துவமனை தரும் தாளை வாசிப்பதில் என்ன சிரமம் என்பது ஒன்று: எழுத்து பொடியாக இருந்ததா, வாசித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டதா. பல இடத்திலிருந்து விவரம் சேகரித்து, அதைப் பற்றி மற்றவரிடம் பேசி, நடைமுறையில் பயன்படுத்துகிறாரா என்பது இரண்டாவது. கேட்ட செய்தி தனக்குப் பொருந்துமா, நம்பலாமா என்று யோசிக்கிறாரா என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத் தமிழ்நாட்டில் கேட்டே ஆக வேண்டும். ‘இந்தப் பொடியைச் சாப்பிட்டால் 30 நாளில் சர்க்கரை போயே போச்சு’ என்று வாட்ஸ்அப்பில் வராத வீடு எது?

ஆஸ்திரேலியாவில் 2013-இல் வந்த எச்எல்கியூ என்ற சுகாதார எழுத்தறிவுக் கேள்வித்தாள் இதைவிட ஆழமானது. 44 கேள்வி, ஒன்பது தனித்தனி அளவுகோல். மருத்துவர் என்னைப் புரிந்துகொள்கிறார் என்ற உணர்வு, வீட்டார் துணை, மருத்துவமனைக்குள் வழி கண்டுபிடிப்பது எல்லாம் அதில் வரும். ஒன்பதையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடாமல் விட்டிருக்கிறார்கள், அது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் 44 கேள்வியையும் வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் நான்கு ஐந்து விடைகளைத் திருப்பித் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் எழுந்து போய்விடுவார். உங்களுக்கு இருப்பது ஆறு மாதம். உங்கள் துறை பெரிய ஆய்வாகச் செய்தால் அதை எடுக்கலாம்.

கேள்வித்தாளை மட்டும் நம்பாதீர்கள். தானே தன்னைப் பற்றிச் சொல்கிற எந்த விடையிலும் மரியாதை கலந்திருக்கும். யூனிஃபார்ம் போட்ட நர்சம்மா கேட்டால் “எல்லாம் புரியுது கண்ணு, நல்லாத்தான் சொல்றீங்க” என்பதுதான் பதில். ஒரு காரியத்தைச் செய்தே பார்க்காதவர்தான் அது ரொம்பச் சுலபம் என்பார். அதனால் 14 கேள்விக்குப் பிறகு இரண்டு வேலை கொடுங்கள். ஒரு மாதிரிச் சீட்டு, மூன்று காலி மாத்திரைக் கவர், கொஞ்சம் புளியங்கொட்டை. “இதில் இருக்கிறபடி இன்றைக்குக் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் எடுத்து வையுங்கள் பார்ப்போம்.” படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டை நீங்களே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். இரண்டாவது, ஒரு லேப் சீட்டு. வெறும் வயிற்றில் சர்க்கரை 162 என்று இருக்கிறது. “பக்கத்து வீட்டுக்காரருக்கு இது வந்தால் என்ன சொல்வீர்கள்?” அவருடைய சொந்தச் சீட்டைக் கேட்காதீர்கள், பயந்துவிடுவார். யார் சரியாகச் செய்தார், யார் பாதி செய்தார் என்பதற்கு முன்கூட்டியே விதி எழுதி வையுங்கள். இன்னொரு நர்சு தனியாகக் குறித்து, இருவர் குறிப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இது நீங்கள் சேர்த்த பகுதி, தரப்படுத்திய கருவி அல்ல என்று தீசிஸில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

ஒரு குழப்பத்தைத் தவிருங்கள். ‘சர்க்கரை வந்தால் எந்த உறுப்பு பாதிக்கும்’ போன்ற வினாக்களை அடுக்கி அதற்குச் சுகாதார எழுத்தறிவு என்று பெயர் வைக்கிற வழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. அது நோய் பற்றிய அறிவு. பதினைந்து வருடம் சர்க்கரையோடு வாழ்ந்தவருக்கு அந்த அறிவு அனுபவத்திலேயே வந்திருக்கும். நாளைக்கே அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஐந்து புது மாத்திரை கொடுத்தால் அதைச் சமாளிப்பாரா என்பது வேறு கேள்வி.

மொழிபெயர்ப்பு: இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, மூன்றாமவர் அதை மறுபடி ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது எல்லோரும் செய்வதுதான், செய்யுங்கள். அதைவிட முக்கியம், நாலைந்து நோயாளிகளிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துவிட்டு “இதில் நான் என்ன கேட்கிறேன்?” என்று அவர்கள் வாயால் சொல்லவைப்பது. ‘நீரிழிவு’ என்று எழுதியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

எப்போது கேட்பது? காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவரிடம் போகாதீர்கள். முதல் ரத்தம் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது ரத்தத்துக்காக இரண்டு மணி நேரம் வேப்பமரத்தடியில் காத்திருப்பார்களே, அதுதான் உங்கள் நேரம். மற்றவர் காதில் விழாத இடம் வேண்டும். “கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா” என்று யாராவது சொன்னால் வற்புறுத்தாதீர்கள். சில நேரம் அது உண்மை, சர்க்கரை கண்ணையும் விடாது. பல நேரம் படிக்கத் தெரியாததை மறைக்கிற கௌரவமான வழி. இரண்டுக்கும் நீங்களே வாசித்துக் காட்டுவதுதான் மருந்து. யாருடைய நோட்டிலும் ‘குறைவு’ என்று எழுதிவைக்காதீர்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை வாங்குகிறவர்கள் நிலையத்துக்கு வருவதில்லை. அவர்களிலும் கொஞ்சம் பேரைச் சேருங்கள். முடியாவிட்டால் அவர்கள் விடுபட்டதை வரம்பாக எழுதுங்கள்.

இப்போது உங்கள் 6.8 அம்மாவும் 10.2 ஐயாவும். எச்பிஏ1சி எழுத்தறிவுக்கான பரீட்சை அல்ல. எத்தனை வருட நோய், இன்சுலின் தேவைப்படும் கட்டமா, வீட்டில் யார் சமைக்கிறார்கள், மாத்திரை தடையில்லாமல் கிடைத்ததா என்று எத்தனையோ அதில் புகுந்திருக்கும். சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 408 சர்க்கரை நோயாளிகளைப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வில், எழுத்தறிவு போதாதவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாகவும் விழித்திரைப் பாதிப்பு அதிகமாகவும் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே அதை ஆமோதிக்கவில்லை. அந்த அம்மா எப்படிச் சமாளிக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். பேத்தி வாசித்துச் சொல்கிறாளா, மருமகள் டப்பாவில் பிரித்துவைக்கிறாளா, மாத்திரையின் நிறத்தை வைத்து நினைவு வைத்திருக்கிறாரா? நிறத்தை வைத்து என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும்: அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்து வெள்ளை மஞ்சளாகிவிட்டால் அவர் தடுமாறுவார். ‘வீட்டில் யார் துணை’ என்ற ஒரு கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். நம் ஊரில் இந்த எழுத்தறிவு பல நேரம் ஓர் ஆளிடம் இருப்பதில்லை, வீட்டுக்குள் பங்குபோட்டுக் கிடக்கிறது.

கைடு சம்மதித்தால் இன்னொன்றும் செய்யலாம். நிலையத்தில் கொடுத்த ஓபி சீட்டுகள் 30 எடுங்கள், பெயரை மறைத்துவிட்டு. எத்தனையில் மாத்திரை வேளை தமிழில் இருக்கிறது, எத்தனையில் எழுத்தே புரியவில்லை என்று எண்ணுங்கள். ஒரு நாள் மருத்துவர் அறையில் உட்கார்ந்து, புதிதாகச் சொன்ன விஷயத்தை நோயாளி வாயால் எத்தனை முறை திருப்பிச் சொல்லக் கேட்டார்கள் என்றும் எண்ணுங்கள். சான் பிரான்சிஸ்கோவிலேயே 2003-இல் வெளியான ஆய்வில், 124 புது விஷயங்களில் 15-ஐ மட்டுமே மருத்துவர்கள் அப்படிச் சரிபார்த்தார்கள். நம் நிலையத்தில் ஒரு காலையில் வரும் கூட்டத்துக்கு எவ்வளவு வரும் என்று எனக்கும் ஆவலாக இருக்கிறது. நோயாளிக்குப் போட்ட மதிப்பெண் பக்கத்தில் இந்த எண்களும் அச்சாகட்டும்.

கைடிடம் சண்டை போடாதீர்கள். உங்கள் 12 பேர் அட்டவணையை ஒரே தாளில் எடுத்துப் போய், “சார், நடுவில் ஆளே இல்லை, வைவாவில் கேட்டால் என்ன சொல்வது?” என்று கேளுங்கள், அந்த வாய்மொழித் தேர்வில் அவரும்தானே இருப்பார். வைவா பயம் நிறைய வேலை செய்யும். 14 கேள்விக் கருவியைத் தமிழில் பயன்படுத்த அதை உருவாக்கியவர்களின் அனுமதி வாங்க வேண்டும், ஏற்கெனவே தமிழாக்கம் உண்டா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பதில் வரச் சில வாரம் ஆகும், எத்திக்ஸ் கமிட்டியும் அந்தக் கடிதத்தைக் கேட்கும். இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.